480 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) கொடுத்து நல்ல திரையை இழந்த கதை

மடிக்கணினித் திரையில் நிறம் சரியில்லை என்று யாராவது கடைக்குத் தூக்கிக்கொண்டு போகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள், இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

நான் கோலாலம்பூர் செந்தூலில் இருக்கிறேன். பகலில் வேறு வேலை, இரவில் கல்யாண அட்டை, பேனர் என்று வடிவமைத்துக் கொடுப்பேன். மடிக்கணினி 2017இல் வாங்கியது, வெளிச்சம் முன்பு போல் இல்லை என்பது உண்மைதான். ஆனால் சில மாதங்களாக வெள்ளைப் பக்கமே பழைய காகிதம் மாதிரி மஞ்சளடித்தது. அதை ஈடுகட்டுகிறேன் என்று நானும் நீலத்தைக் கூட்டிக் கூட்டி வைக்க, ஒரு அக்கா மகள் கல்யாணத்துக்கு அரக்கு நிறத்தில் கேட்ட 300 அட்டையும் பிரிக்ஃபீல்ட்ஸ் அச்சகத்தில் கத்தரிப்பூ நிறத்தில் வந்து நின்றன. திரும்ப அடித்துக் கொடுத்தது என் காசு.

அந்தச் சனிக்கிழமை எல்ஆர்டி ரயில் ஏறி, தித்திவங்சாவில் மோனோரயில் மாறி, புக்கிட் பிந்தாங் பக்கம் ஒரு கடைக்குப் போனேன். பெயர் வேண்டாம். நம் ஆள், தமிழில் பேசினார், அங்கேதான் நான் விழுந்தேன். நண்பகல் 12 மணி. திறந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஆமாண்ணே, நல்லா மஞ்சளடிக்குது, பேனல் போச்சு, ஒரிஜினலே போட்டுத் தர்றேன், 480 வெள்ளி" என்றார். இந்த 12 மணியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று மணிக்குக் கையில் கிடைத்தது. வெள்ளை வெள்ளையாக இருந்தது, எனக்குச் சந்தோஷம். வீட்டுக்கு வந்து வேலையைத் தொடங்கினேன். ஏழேகால், ஏழரை இருக்கும், பக்கத்துப் பள்ளிவாசலில் பாங்கு கேட்கிறது, என் கண் முன்னாலேயே புதுத் திரை மெல்ல மெல்ல மஞ்சளாகிறது!

விண்டோஸில் நைட் லைட் என்று ஒன்று உண்டு, கண் கூசாமல் இருக்க நீலத்தைக் குறைக்கும். சூரியன் மறையும் நேரத்துக்குத் தானாக எரியும்படி வைக்கலாம். பள்ளிப் பாடம் செய்ய இதை எடுத்த தங்கை மகள்தான் அப்படி வைத்திருக்கிறாள், பாவம், அவளுக்கு என்ன தெரியும். நான் வேலை செய்வது இரவில் மட்டும், அதனால் எனக்கு எப்போதும் மஞ்சள். அப்படியானால் நண்பகல் 12 மணிக்கு அந்த ஆள் பார்த்த மஞ்சள் எது?

சரி, அதை அணைத்துவிட்டேன், போனது 480 என்று விட்டிருப்பேன். ஆனால் நிறம் இன்னும் செத்துப்போய்த்தான் இருந்தது. பத்துமலைப் படிகள் 272க்கும் 2018இல் வண்ணமடித்தார்களே, அந்தப் படம் ஒன்றைக் கைப்பேசியிலும் மடிக்கணினியிலும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கைப்பேசியில் பளிச்சென்று இருக்கும் படி, திரையில் பலமுறை துவைத்த சட்டை போல் இருந்தது. தலையைக் கொஞ்சம் இறக்கிப் பார்த்தால் படமே கறுத்துப் போகிறது. இலவச மென்பொருள் ஒன்றை இறக்கிப் பேனல் எண்ணைப் பார்த்தேன்: பி156எச்டிஎன் என்று தொடங்குகிறது. அது ஏயுஓ நிறுவனத்துப் பேனல்; அவர்களிடம் எச்டிஎன் என்றால் டிஎன் வகை, அதாவது தலையை அசைத்தாலே நிறம் மாறும் மலிவு வகை; எச்ஏஎன் என்றால்தான் ஐபிஎஸ் மாதிரியானது, எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் நிறம் அவ்வளவாக மாறாது. வாங்கிய பெட்டியில் ஐபிஎஸ் என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருக்கிறது. இப்போது உள்ளது காட்டக்கூடிய நிறங்கள் என்டிஎஸ்சி என்ற நிற அளவுகோலில் 45 சதவீதம்தான், வடிவமைப்பு வேலைக்கு 72 சதவீதமாவது வேண்டும். மென்பொருளில் எவ்வளவு சரிசெய்தாலும் பேனலால் காட்ட முடியாத நிறம் வராது.

திரும்பப் போனேன். "படம் தெரியுதுல்ல, அப்புறம் என்னண்ணே" என்றார். பழைய பேனலைக் கேட்டால் தூக்கிப் போட்டாச்சாம். ஏழு வருஷமானாலும் நிறத்தில் கோளாறே இல்லாத பேனல், யாருடைய கணினியில் உட்கார்ந்திருக்கிறதோ.

நீங்கள் போவதற்கு முன் வீட்டிலேயே பாருங்கள். கணினியைத் தொடங்கும்போது விண்டோஸுக்கு முன்னால் வரும் அடிப்படை அமைப்புப் பக்கமான பயாஸுக்குள் போனால் விண்டோஸ் அமைப்புகள் எதுவும் அங்கே எட்டாது, அங்கே நிறம் சரியாக இருந்தால் திரைமேல் பழியில்லை. டிவியில் எச்டிஎம்ஐ வயரைச் செருகியும் பார்க்கலாம், இரண்டிலும் ஒரே மஞ்சள் என்றால் சந்தேகம் மென்பொருள் மேல். ஸ்கிரீன்ஷாட் எடுத்து யாருக்கும் அனுப்பிக் கேட்காதீர்கள், நைட் லைட் அதில் பதியாது, நான் அனுப்பி "நல்லாத்தானே இருக்கு" என்று பதில் வாங்கியவன். கடைக்குக் கொடுத்தே ஆக வேண்டுமென்றால் பேனல் எண்ணைக் குறித்துக்கொண்டு, புது எண்ணை ரசீதில் எழுதச் சொல்லுங்கள், பழையதைக் கையில் வாங்குங்கள். என் ரசீதில் இருப்பது "எல்சிடி 15.6" மட்டும்.

அந்த ரசீதையும் பெட்டியின் படத்தையும் வைத்து பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனுக் கொடுத்துவிட்டேன், மலாயில் திரிபுனல் துந்துத்தான் பெங்குனா. கட்டணம் 5 வெள்ளிதான், 50,000 வெள்ளி வரை கோரலாம், வழக்கறிஞர் தேவையில்லை, மூன்று வருஷத்துக்குள் போட வேண்டும். விசாரணைத் தேதி வரும்வரை நிறம் முக்கியமான வேலை எதையும் இந்தத் திரையை நம்பி அனுப்புவதில்லை. அச்சகத்தில் முதலில் ஒரே ஒரு அட்டை அடித்துப் பார்க்கிறேன், அதைக் கல்யாணச் சேலை பக்கத்தில் வைத்து, அட்டை கேட்ட அக்காமார் தலையாட்டிய பிறகுதான் மிச்சம்.