மேசைமேல் வைக்கும் எக்ஸ்-கதிர் படிகக் கருவி: ஓராண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

நாகை மாவட்டத்தில் உள்ள எங்கள் கல்லூரியின் வேதியியல் துறைக்கு, ஒரு படிகத்துக்குள் அணுக்கள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்று கண்டறியும், மேசைமேல் வைத்து இயக்கக்கூடிய ஒற்றைப் படிக எக்ஸ்-கதிர் கருவி வந்து ஓராண்டு முடிந்துவிட்டது. அதற்கு முன்பெல்லாம் மாணவர்கள் வாரக்கணக்கில் வளர்த்த படிகங்களைச் சிறு குப்பிகளில் அடைத்து வெளியூருக்கு அனுப்பிவந்தோம். போய்ச் சேர்வதற்குள் கரைப்பான் வெளியேறி, பளபளத்த படிகம் வெண்பொடியாகிப்போனதும் உண்டு. அந்த அவதி தீர்ந்ததே எங்களுக்குப் பெரிய ஆறுதல்.

கருவி எளிமையானது. மாலிப்டினம் குழாயிலிருந்து வரும் 0.71 ஆங்ஸ்ட்ராம் (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு) அலைநீளக் கதிரில், சுமார் 0.2 மில்லிமீட்டர் அளவுள்ள படிகத்தைச் சுழற்றிச் சுழற்றிப் படமெடுக்கிறது. தனி மின்இணைப்போ வெளியிலிருந்து தண்ணீர்க் குழாயோ தேவைப்படவில்லை; ஆனால் மின்சாரம் போய்ப் போய் வரும் ஊர்களில் நல்ல யுபிஎஸ் இல்லாமல் இதைத் தொடவே கூடாது. நல்ல படிகம் என்றால் ஐந்தாறு மணி நேரத்தில் தரவு கிடைத்துவிடும். அதன் பிறகு அணுக்களின் அமைப்பைக் கணக்கிட்டுத் தீர்க்க, கல்விப் பயன்பாட்டுக்கு இலவசமாகக் கிடைக்கும் ஷெல்எக்ஸ் மென்பொருள் போதும்.

ஆராய்ச்சியைவிட வகுப்பறையில்தான் இது தன் விலையைத் திருப்பித் தருகிறது என்பது என் கணிப்பு. முதுகலை மாணவர்களுக்கு முதல் பயிற்சியாக வேதாரண்யம் உப்பளத்துக் கல்லுப்பையும், மளிகைக் கடைக் கல்கண்டையும் சவர அலகால் சீவி, நுண்ணோக்கியின் கீழ் குறுக்காக வைத்த இரு போலராய்டுகளுக்கு (ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் தகடுகளுக்கு) நடுவே பார்க்கச் சொல்கிறேன். கல்கண்டுத் துணுக்கு ஒளிர்ந்து, திருப்பத் திருப்ப ஒவ்வொரு 90 பாகைக்கும் ஒருமுறை அணைகிறது. உப்போ எப்படித் திருப்பினாலும் இருட்டாகவே கிடக்கிறது. எந்தத் திசையிலும் ஒளிக்கு ஒரேபோல இருக்கும் கனசதுரச் சமச்சீர் என்றால் என்ன என்பதை அந்த இருட்டு ஒரு நிமிடத்தில் புரியவைத்துவிடுகிறது.

அடுத்து உப்பைக் கருவியில் ஏற்றினால் இன்னொரு வேடிக்கை. பாடநூலில் படித்த 5.64 ஆங்ஸ்ட்ராம் பக்கமுள்ள கனசதுரக் கூட்டை (படிகம் முழுதும் திரும்பத் திரும்ப வரும் சிறு பெட்டியை) எதிர்பார்த்து மாணவி உட்கார்ந்திருக்க, மென்பொருள் முதலில் 3.99 ஆங்ஸ்ட்ராம் பக்கமும் 60 பாகைக் கோணங்களும் கொண்ட சிறு கூட்டைத் திரையில் காட்டியது. “கருவி தப்பாகச் சொல்கிறது, சார்” என்றார். இரண்டும் ஒரே அணிக்கோவைதான் (ஒரே அடுக்குமுறைதான்) என்பதையும், மூலைகளோடு முகங்களின் நடுவிலும் புள்ளிகள் கொண்ட முகமையக் கனசதுரத்தின் மிகச் சிறிய கூடுதான் அது என்பதையும் அவரே தாளில் வரைந்து கண்டுபிடிக்க அரை மணி நேரம் ஆயிற்று. 1913-இல் இயற்பியலாளர் லாரன்ஸ் பிராக் அமைப்பைத் தீர்த்த அதே உப்புதான்; ஆனாலும் அந்த அரை மணி நேரத்துக்கு ஈடாக எந்த விரிவுரையும் இல்லை.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். உலோக அணைவுச் சேர்மங்களுக்கு மாலிப்டினம் கதிர் மிகப் பொருத்தம்; ஆனால் மூலிகைகளிலிருந்து கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன் மட்டுமே கொண்ட சேர்மங்களைப் பிரித்தெடுப்பவர்களுக்கு, ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான இரு வடிவங்களில் மூலக்கூறு வலக்கையா இடக்கையா என்று இதைக் கொண்டு உறுதிசெய்ய முடியாது. அதற்குத் தாமிரக் கதிர் வேண்டும். எங்கள் கருவியில் நைட்ரஜன் குளிர்விப்பும் இல்லை என்பதால் அறை வெப்பநிலையிலேயே அளக்கிறோம். சித்திரை வெயிலில் குளிர்சாதனம் திணறும்போது அணுக்களின் அதிர்வு கூடி, வரைபடத்தில் அணுக்களைக் குறிக்கும் நீள்வட்டங்கள் உப்பிக்கொண்டு நிற்கின்றன.

கருவியை விற்றவர்களின் சேவைதான் என்னைச் சலிப்படையச் செய்தது. ஐப்பசி அடைமழையில் ஒருநாள் கதவுப் பூட்டின் உணரி வேலை செய்யாமல் போக, கதவு மூடியதைக் கருவி நம்பாமல் கதிரைத் திறக்க மறுத்தது. பாதுகாப்புக்கு அது சரியான நடத்தைதான். ஆனால் பொறியாளர் வந்து சேர 19 நாள்கள் ஆயின. வந்தவர் கழற்றிக் காட்டியது, உப்புக் காற்றில் பச்சை பூத்த ஒரு சிறு இணைப்பான். பத்து நிமிட வேலை. அன்றிலிருந்து அறையில் ஈரப்பதம் நீக்கும் இயந்திரம் இரவும் பகலும் ஓடுகிறது.

கடலோரக் கல்லூரிகள் வாங்குவதானால், கருவியின் விலையோடு அந்த இயந்திரத்தின் விலையையும் சேர்த்தே முன்மொழிவை எழுதவேண்டும். இந்த ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்தில் ஏழு நாள்களுக்குள் ஆள் வரவேண்டும் என்று எழுதி வாங்கியிருக்கிறோம். ஐப்பசி வரட்டும், பார்க்கலாம்.