ஆள்மணியா, இயந்திர மணியா? மேற்செலவு வீதத்தை எதை வைத்துப் போடுவது

கோவைப் பக்கம் ஜாப் ஒர்க் செய்யும் ஒரு சிறு பட்டறையை உதாரணமாக வைத்துக்கொள்வோம். மாதாந்திர நிலையான மேற்செலவு, அதாவது எந்த ஒரு ஆர்டரோடும் நேரடியாகச் சேராத, வேலை கூடினாலும் குறைந்தாலும் மாறாத செலவு, 6,00,000 ரூபாய். இதில் சி.என்.சி. லேத்துகளின் (கணினி இயக்கும் கடைசல் இயந்திரங்கள்) தேய்மானமும் காப்பீடும் 4,20,000. ஷெட் வாடகையும் மேற்பார்வையாளர் சம்பளமும் 1,80,000. மாதத்துக்கு 4,000 ஆள்மணி (தொழிலாளர் வேலை செய்யும் நேரம்), 2,000 இயந்திர மணி (லேத்துகள் ஓடும் நேரம்), 4,00,000 ரூபாய் கூலி.

இதிலிருந்து ஆள்மணிக்கு 150 ரூபாய், இயந்திர மணிக்கு 300 ரூபாய், கூலியில் 150 சதவீதம் என்று மூன்று வீதங்கள் கிடைக்கின்றன. மாத மொத்தத்தில் மூன்றும் அதே ஆறு லட்சத்தைத்தான் ஈர்க்கும், அதாவது வேலைகளின்மேல் ஏற்றும். வேறுபாடு தனித்தனி வேலைகளில்தான் தெரியும்.

பம்பு ஷாஃப்ட் கடையும் ஆர்டருக்கு 20 இயந்திர மணி ஆகிறது. ஒருவரே இரண்டு லேத்துகளைக் கவனிப்பதால் ஆள்மணி 10தான். ஆள்மணிக் கணக்கில் அதன்மேல் ஏறுவது 1,500 ரூபாய். இயந்திர மணிக் கணக்கில் 6,000. வால்வு பாகங்களைக் கையால் பிசிறு நீக்கிப் பொருத்தும் ஆர்டருக்கு 40 ஆள்மணி, 2 இயந்திர மணி. அங்கே நிலைமை தலைகீழ்: 6,000, 600. ஆள்மணியை நம்பும் முதலாளி ஷாஃப்ட்டுக்கு அடிமாட்டு விலை சொல்லி, லேத்தின் தேய்மானத்தைத் தன் கையிலிருந்து கட்டிக்கொண்டிருப்பார்.

கூலிச் சதவீதத்தை நான் சிபாரிசு செய்யவே மாட்டேன். அதே 40 மணி நேர வேலையை மணிக்கு 150 ரூபாய் வாங்கும் மூத்த பிட்டர் செய்தால் மேற்செலவு 9,000. 75 ரூபாய் வாங்கும் உதவியாளர் செய்தால் 4,500. ஆள் மாறியதற்காக ஷெட் வாடகை மாறுமா?

இயந்திர மணியும் முழுத் தீர்வு அல்ல. பொருத்தும் பகுதியும் ஷெட்டில் இடம் பிடிக்கிறது, மேற்பார்வையாளரின் நேரத்தையும் எடுக்கிறது. அதற்கு வெறும் 600 என்பது நியாயமில்லை. பகுதிவாரியாகப் பிரிப்பதே என் தேர்வு. வாடகையையும் சம்பளத்தையும் பாதிப் பாதியாகப் பிரித்தால் லேத் பகுதிக்கு 5,10,000, அதாவது இயந்திர மணிக்கு 255. பொருத்தும் பகுதிக்கு 90,000; அங்குள்ள 3,000 ஆள்மணிக்கு வகுத்தால் 30. இப்போது ஷாஃப்ட் ஆர்டருக்கு 5,100, வால்வு ஆர்டருக்கு 1,680 (2 இயந்திர மணிக்கு 510; 40 ஆள்மணியில் லேத்தைக் கவனித்த 1 போக மீதி 39க்கு 1,170). மேற்செலவு எங்கே பிறக்கிறதோ அங்கேயே போய்ச் சேர்கிறது.

அடுத்த போட்டி, வகுக்கும் எண்ணில். ஆர்டர் குறைந்து லேத்துகள் 1,200 மணிதான் ஓடின என்றால், உண்மையான மணிகளால் வகுக்கையில் வீதம் 425 ஆகிவிடும். அந்த விலையைச் சொன்னால் இருக்கும் வாடிக்கையாளரும் நழுவுவார்; ஓட்டம் 1,000 மணிக்கு இறங்கினால் வீதம் 510. இயல்பான 2,000 மணியை வைத்தால் வீதம் 255இலேயே நிற்கும். 1,200 மணி ஓடிய மாதத்தில் ஈர்க்கப்படுவது 3,06,000, மீதி 2,04,000 குறை ஈர்ப்பு, அதாவது எந்த வேலையின்மேலும் ஏறாமல் நின்ற தொகை; அந்தக் காலத்தின் லாப நட்டக் கணக்குக்குப் போகும். இந்தியக் கணக்கியல் தரநிலை 2 சரக்கிருப்பு மதிப்பீட்டுக்குச் சொல்வதும் இதையே: உற்பத்தி குறைந்தது என்பதற்காக ஓர் அலகின்மேல் ஏற்றும் நிலையான மேற்செலவைக் கூட்டக் கூடாது. உற்பத்தி வழக்கத்துக்கு மீறி உயர்ந்தால் மட்டும் அதைக் குறைக்க வேண்டும். இல்லாவிட்டால் சரக்கு அடக்கவிலைக்கு மேல் மதிப்பிடப்பட்டுவிடும்.

‘இயல்பான மணி’ என்பது இயந்திரம் விற்பவர் சொல்லும் உச்சத் திறன் அல்ல. பல பருவங்களின் சராசரி ஓட்டத்தை எடுத்து, திட்டமிட்ட பராமரிப்பில் போகும் நேரத்தையும் கழித்து வரும் எண்ணையே வகுக்க எடுக்க வேண்டும்.