62,000 ரூபாய்க்குத் தண்ணி பைப்: பத்மினி வைத்திருப்பவர்கள் கவனம்

வயிற்றெரிச்சலோடு எழுதுகிறேன், முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னிடம் 1984 மாடல் பிரீமியர் பத்மினி கார் இருக்கிறது. இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் ஓட்டுவதற்காக, பின்பக்க சஸ்பென்ஷனைத் தார் ரோடு ராலி வண்டி மாதிரி செட் பண்ண நெடுநாள் ஆசை. கடலூரில் ஒரு மாடிஃபிகேஷன் பட்டறைக்குப் போனேன். பெயர் போடவில்லை.

அந்த ஆள் தரையில் உட்கார்ந்து சாக்பீஸால், பின்சக்கர அச்சைத் (ஆக்சில்) தாங்கும் பட்டை வில்லான லீஃப் ஸ்பிரிங்கை வரைந்தார். "கிளட்சை சட்டுனு விட்டா ஆக்சில் முறுக்கும்ணே, பிளேட் எஸ் மாதிரி வளையும், உடனே படக்குனு விடுபட்டு சக்கரம் குதிக்கும். அதைப் பிடிக்கத்தான் டிராம்ப் பார். ஆக்சில் பக்கவாட்டுல நகராம இருக்க பான்ஹார்ட் ராடு. வண்டி நிக்கும்போது அது தரைக்கு மட்டமா இருக்கணும்." 1979இல் உலக ராலி பட்டம் வாங்கிய ஃபோர்டு எஸ்கார்ட்டுக்கும் பின்னால் இதே லைவ் ஆக்சில்தான் (இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் ஒரே விறைப்பான அச்சு) என்றார். சொன்னதில் ஒரு வார்த்தை தப்பில்லை. அங்கேதான் விழுந்தேன். காஸ் ஷாக் (வாயு அடைத்த ஷாக் அப்சார்பர்), பாலியூரித்தேன் புஷ் (இணைப்புகளில் அதிர்வு தாங்கும் வளையம்), ராடு எல்லாம் சேர்த்து 62,000. நின்ற இடத்திலேயே முழுசாக ஜிபே பண்ணினேன்.

மூன்று வாரம் என்றது ஏழு வாரம் ஆனது. நேற்று சாயங்காலம் வண்டியை எடுத்தேன். பெண்ணையாற்றுப் பாலத்தில் ஏறும்போதே பின்னால் 'டங்'. கன்னியக்கோவிலில் ஓரங்கட்டி, செல்போன் டார்ச்சோடு அடியில் படுத்துப் பார்த்தேன். பான்ஹார்ட் ராடின் பிராக்கெட்டை இரண்டு பொட்டு வெல்டில் ஒட்டியிருக்கிறார்கள், அதில் ஒன்று விட்டுப்போச்சு. டிராம்ப் பாரின் கறுப்பு பெயிண்டை ஒரு ரூபாய்க் காசால் சுரண்டினால் உள்ளே தண்ணிக்குப் போடும் ஜிஐ பைப், முனையில் குழாய் மாட்டும் மரை அப்படியே இருக்கிறது! புஷ் என்று வைத்தது வெட்டிய டயர் ரப்பர். காஸ் ஷாக்? என்னுடைய பழைய ஷாக்குக்கு மஞ்சள் பெயிண்ட். எண்ணெய்க் கசிவைக்கூடத் துடைக்காமல் அதன் மேலேயே அடித்திருக்கிறார்கள்.

போன் பண்ணினால், "புதுசுண்ணே, 500 கிலோமீட்டர் ஓடினா செட் ஆயிடும்." போட்டோ அனுப்பினேன், நீல டிக் மட்டும் வந்தது. இன்று காலை நேரில் போனால் முதலாளி திருவந்திபுரம் கோயிலுக்குப் போயிருக்கிறாராம். பையன் டீ வாங்கிக் கொடுத்தான். பில் கேட்டேன், "பில்லெல்லாம் போடறதில்லை சார்." நேற்று வரை அண்ணன், இன்றைக்கு சார். 62,000 ரூபாய், சார்!

என்ன பார்க்க வேண்டும் என்று விளக்கமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போதைக்கு இதுதான்: முழுப் பணத்தை முன்னால் கொடுக்காதீர்கள். கழற்றிய பழைய சாமானைக் கையில் வாங்குங்கள். பெயிண்ட் அடிப்பதற்கு முன் வெல்டிங்கைப் பாருங்கள். மற்றது அப்புறம். வண்டியை ஏற்ற டெம்போக்காரர் வந்துவிட்டார், அவருக்கு வேறு 2,500.