மாட்டு டிரெய்லருக்கு எப்பாக்ஸி பிரைமர்: இரண்டு மழைக்காலத்துக்குப் பிறகு

எங்கள் டிரெய்லர் 1998-ல் அய்யன் வாங்கியது. பத்தடிக்கு ஆறடிப் பெட்டி, தரையில் செக்கர் பிளேட் (வழுக்காமல் இருக்கப் புடைப்புப் போட்ட இரும்புத் தகடு), மேலே ஜி.ஐ. பைப்பில், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயில், கூண்டு. வெள்ளகோவில் பக்கம் எங்கள் தோட்டம். சித்திரையில் கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்குக் காங்கேயம் கிடாரிகளையும், மற்ற நாட்களில் வாரச் சந்தைக்கு ஆடுகளையும் அதில்தான் கொண்டுபோகிறோம்.

இதற்கு முன்பு ஒரு பட்டறையில் பெயின்ட் அடிக்கக் கொடுத்திருந்தோம். துருவை மேலாகத் தேய்த்துவிட்டு, ரெட் ஆக்சைடு என்ற செந்நிற அடிப்பூச்சு ஒரு கை, எனாமல் ஒரு கை. வண்டி வந்த அன்று பளபளவென்றுதான் இருந்தது. ஐப்பசி மழை முடிவதற்குள் தரை ஓரங்களில் கொப்புளம் கிளம்பியது. கூண்டுப் பைப்பில் பெயின்ட் தோல் தோலாக உரிந்தது. ரெட் ஆக்சைடோ எனாமலோ, எண்ணெய் கலந்த பெயின்ட் நேராகத் துத்தநாகப் பூச்சின் மேல் பட்டால், நாளடைவில் அடியில் சோப்பு மாதிரி ஒரு படலம் உண்டாகி பிடிப்பு விட்டுவிடும் என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது.

உரிந்த செதிலை ஒரு கன்று நக்கிக்கொண்டு நின்றதைப் பார்த்த நாளில்தான் இந்த வேலையை நானே செய்வதென்று முடிவு செய்தேன். பழைய மஞ்சள், ஆரஞ்சு எனாமல்களில் ஈயக் குரோமேட் இருப்பது சகஜம். ஈயம் மாட்டின் நரம்பைத் தாக்கும். பார்வை போகும், பல்லை நறநறவென்று கடிக்கும், இழுப்பு வரும். வீட்டுப் பெயின்டுகளில் 90 பி.பி.எம்-முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் ஈயம் கூடாதென்ற விதி இங்கே அமலுக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். எங்கள் வண்டியின் முதல் மஞ்சள் அதற்கு வெகு முந்தியது.

கடையில் எப்பாக்ஸி பிரைமர், அதாவது ஹார்ட்னர் (இறுக வைக்கும் திரவம்) கலந்து அடிக்கும் அடிப்பூச்சு, கேட்டதும் கடைக்காரர், "மாட்டு வண்டிக்கு எதுக்குங்க அம்மிணி இத்தனை செலவு? ரெட் ஆக்சைடே போதுமுங்க" என்றார். அதைத்தான் ஒருமுறை பார்த்துவிட்டோமே. பெர்ஜர் கம்பெனியின் எபிலக்ஸ் என்ற எப்பாக்ஸி வரிசையில் ஜிங்க் பாஸ்பேட் பிரைமர் எட்டு லிட்டரும், மேலே அடிக்க பச்சை நிற பி.யூ. (பாலியூரிதேன்) பெயின்ட் நான்கு லிட்டரும் வாங்கினேன். தின்னர், பிரஷ், ரோலர், கையுறை எல்லாம் சேர்த்து 11,500 ரூபாய். எனாமலோடு பார்த்தால் இரண்டு மடங்குக்கு மேல்.

பெயின்ட் அடித்தது மூன்று நாள், சுரண்டியது ஒன்பது நாள். தொழுவத்துக்கும் தீவனத்துக்கும் தள்ளி வண்டியை நிறுத்தி, அடியில் தார்ப்பாய் விரித்தோம். ஈயத் தூசி பறக்கக்கூடாதென்று பழைய மஞ்சளை ரிமூவர் போட்டு, ஈர உப்புத்தாளால்தான் எடுத்தோம். விழுந்த செதில் எல்லாவற்றையும் சாக்கில் கட்டினோம், ஒன்றைக்கூடக் காட்டில் விடவில்லை. அதற்குப் பிறகுதான் துருவுக்குக் கிரைண்டரில் கப் பிரஷ் (கிண்ண வடிவக் கம்பி பிரஷ்) மாட்டினோம். ஜி.ஐ. பைப்பைச் சோப்பு நீரில் கழுவி, உப்புத்தாளால் சொரசொரப்பாக்கினோம். தரையும் பக்கத் தகடும் சேரும் இடத்தில் வெல்டிங்கை விட்டு விட்டு வைத்திருக்கிறார்கள். அந்தச் சந்தில் கோமியம் இறங்கித் தங்கித்தான் தகடு பாதி தின்னப்பட்டிருந்தது. முதல் கை பிரைமர் காய்ந்ததும் சந்து முழுக்கச் சீலன்ட் வைத்தேன். மூலைக்கு ஒன்றாக நான்கு வடிகால் துளையும் போட்டோம்.

இனி பிரைமர். அடிப்பெயின்டையும் ஹார்ட்னரையும் டப்பாவில் போட்ட அளவுப்படி அளந்து கலக்க வேண்டும், கண் மதிப்பு ஆகாது. கலந்தால் சில மணி நேரம்தான், வெயில் ஏற ஏற அதுவும் குறையும். அதனால் ஒரு லிட்டருக்கு மேல் ஒரே தடவையில் கலக்கவில்லை. மாசி மாதம், காலையில் இரும்பில் பனி ஈரம் இருக்கும். ஒன்பது மணிக்கு மேல்தான் பிரஷைத் தொட்டோம். எனாமலைவிடக் கெட்டி, இழுக்கக் கை வலிக்கும். ஆனால் காய்ந்த பிறகு சாவியால் கீறிப் பார்த்தேன், கோடு விழுந்ததே தவிரச் செதில் எழவில்லை.

எப்பாக்ஸி வெயிலில் வெளுத்து மாவாக உதிரும். அதற்குத்தான் மேலே பி.யூ. அதன் ஹார்ட்னரில் ஐசோசயனேட் இருக்கிறது, மூச்சுக்குழாயைக் கெடுக்கும். தகுந்த முகமூடி இல்லாமல் ஸ்பிரே அடிக்கவே கூடாது. நாங்கள் திறந்தவெளியில் ரோலரால் உருட்டினோம். தரையில் கடைசிக் கை ஈரமாக இருக்கும்போதே காய்ந்த மணலைச் சலித்துத் தூவினோம், மாட்டுக் குளம்பு வழுக்காமல் இருக்க. பத்து நாள் வரை ஓர் ஆட்டைக்கூட ஏற்றவில்லை.

இரண்டு ஐப்பசி, கார்த்திகை தாண்டிவிட்டது. பக்கத் தகடுகளில் ஒரு கொப்புளம்கூட இல்லை. பைப்பில் கயிறு உரசும் இடத்தில் பச்சை தேய்ந்து பிரைமரின் சாம்பல் நிறம் தெரிகிறது, உரியவில்லை. தரையில் மணல் பிடிப்பு இன்னும் இருக்கிறது. போன மாசியில் மயிலைக் கிடாரி ஒன்று உள்ளே திமிறித் திரும்பியும் கால் சறுக்கவில்லை. எனக்கு அது போதும், கொடுத்த காசுக்கு மனநிறைவுதான்.

குறை இரண்டு. பின்கதவுக் கீலுக்குப் பின்னால் பிரஷ் எட்டாத இடத்தில் துருவை விட்டுவிட்டேன். அங்கே உள்ளங்கை அகலத்துக்கு மறுபடி பழுப்பு ஏறியிருக்கிறது. துருவின் மேல் அடித்தால் இந்த மாதிரி பிரைமர் நிற்காது, எனவே அது பொருளின் குற்றமில்லை. அடுத்தது ரப்பர் மேட். மாடு படுக்கட்டும் என்று விரித்துவிட்டு எடுக்காமல் விட்டதில், அடியில் கோமியம் தேங்கி ஓரிடத்தில் பச்சை மங்கிவிட்டது. இப்போது ஒவ்வொரு சந்தை முடிந்ததும் மேட்டைத் தூக்கிக் கழுவிக் காயவைக்கிறோம்.

ஒட்டுவேலைக்கு வைத்திருந்த மிச்ச டப்பாவின் தேதி முடிந்துவிட்டது. இந்த மாசிக்குள் கீலைக் கழற்றித் தேய்த்துவிட்டு, கிடைக்கிற சின்ன டப்பாவாகப் புதிதாக வாங்கி அடிக்க வேண்டும்.