சிட்டுக்குருவிக்கு ஒரு பெட்டி, குண்டுகரிச்சானுக்கு ஒரு பெட்டி: வாங்கலாமா?

கும்பகோணத்துக் கடையொன்றில் மரக் கூடுப்பெட்டிகள் இரண்டு அளவில் கிடைக்கின்றன: சிட்டுக்குருவிக்கான சிறியது 280 ரூபாய், குண்டுகரிச்சான் என்னும் பாடும் பறவைக்கான பெரியது 450 ரூபாய். இரண்டையும் வாங்கி மாட்டிப் பார்த்தவன் என்ற முறையில், சிறியதைத் தயங்காமல் வாங்கலாம் என்றும், பெரியதற்குப் பணம் கொடுக்கும் முன் கொல்லையை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிடலாம் என்றும் சொல்வேன்.

சிறிய பெட்டியின் சிறப்பு அதன் வாசல்தான். 32 மில்லிமீட்டர் விட்டமுள்ள அந்தத் துளைக்குள் சிட்டுக்குருவி நுழைந்துவிடும்; மைனாவால் நுழைய முடியாது. உட்புறப் பலகையை இழைக்காமல் சொரசொரப்பாக விட்டிருப்பதால், குஞ்சுகள் நகத்தால் பற்றி வாசல்வரை ஏற முடிகிறது. ஓட்டு வீட்டுத் தாழ்வாரத்திலும் உத்தர இடுக்கிலும் குடியிருந்த பறவைக்குக் கான்கிரீட் வீட்டில் வைக்கோல் செருகக்கூட இடமில்லை என்பதால், இப்பெட்டிக்கு டெல்டா ஊர்களில் உண்மையான தேவை இருக்கிறது.

ஆனால் ‘அழிந்துவரும் பறவை’ என்று சிறிய பெட்டியின் அட்டையில் அச்சிட்டிருப்பது மிகை. எந்த உயிரினத்துக்கு அழியும் ஆபத்து எவ்வளவு என்று வகைப்படுத்தும் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் செம்பட்டியலில் சிட்டுக்குருவி, கவலை குறைந்த இனமாகவே உள்ளது. 2020இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை குறித்த அறிக்கையும், சென்னை உள்ளிட்ட ஆறு பெருநகரங்களில் அது குறைந்திருந்தாலும் நாட்டளவில் ஏறத்தாழ நிலையாக இருப்பதாகவே கூறுகிறது. குஞ்சுகளுக்குப் புழு பூச்சிகளையே ஊட்டும் பறவை என்பதால், பக்கத்து வயலில் குறுவைக்கு அடிக்கும் பூச்சிமருந்தைப் பற்றி அட்டையில் ஒரு வரி சேர்த்திருந்தால் பயனுள்ளதாக இருந்திருக்கும்.

குண்டுகரிச்சானும் செம்பட்டியலில் அதே வகையில்தான் இருக்கிறது. மார்ச் முதல் விடியலுக்கு முன்பே ஆன்டெனா உச்சியில் அமர்ந்து பாடும் இந்தப் பறவைக்கு அந்தப் பாட்டே பகை: கூண்டில் வளர்ப்பதற்காகப் பிடித்துப் பிடித்து, நம் ஊர்க்காரர்கள் பலர் பிழைக்கப்போன சிங்கப்பூரில் அது மிகவும் அருகிப்போயிற்று. இங்கு அந்த நிலை இல்லை. பூவரசிலோ முருங்கையிலோ ஒரு பொந்து இருந்தால் அதற்குப் பெட்டியே வேண்டாம். ஐந்து சென்டிமீட்டர் வாசலுள்ள பெரிய பெட்டியை என் கொல்லையில் மைனா ஜோடி பிடித்துக்கொண்டது.

இரண்டிலும் அடிப்பலகை மட்டும் ப்ளைவுட். சன்ஷேடுக்கு அடியில் மாட்டிய சிறிய பெட்டி தப்பியது; மரத்தில் கட்டிய பெரியதன் அடிப்பலகை ஐப்பசி மழையில் ஊறி, உப்பி, ஏடு ஏடாகப் பிரிந்துவிட்டது. கடைக்காரர் அதை வேப்பம்பலகையாக மாற்றிக் கொடுத்தால், ஐம்பது ரூபாய் கூடுதலாகக் கேட்டாலும் சிறியதில் இன்னொன்று வாங்குவேன்.