யூரியாவைப் பிரித்துப் போட்டதில் எந்தப் பூச்சி குறைந்தது, எது குறையவில்லை

வெண்டை, கத்தரி, மிளகாய் மூன்றிலும் உரத்தை மாற்றிப் போட்டுச் சில வருடங்களாகப் பார்த்து வருகிறேன். சாறு உறிஞ்சும் பூச்சிகளைப் பொறுத்தவரை, எந்த மருந்து அடிக்கிறோம் என்பதைவிடத் தழைச்சத்தை (நைட்ரஜனை) எப்படிக் கொடுக்கிறோம் என்பதில்தான் வித்தியாசம் தெரிந்தது.

யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து. மொத்தமாகப் போட்டுத் தண்ணீர் விட்டால் வெண்டை சீக்கிரமே கரும்பச்சை கட்டிவிடும், பார்க்க அழகுதான். அந்த நேரத்தில் நுனி இலையைத் திருப்பிப் பாருங்கள். நரம்போரம் அசுவினி என்ற சிறு சாறு உறிஞ்சும் பூச்சி அப்பியிருக்கும், தண்டில் எறும்பு ஏறும், கீழ் இலையைத் தொட்டால் அது கழிக்கும் இனிப்பு நீர் கையில் பிசுபிசுக்கும். அப்புறம் அதன்மேல் கரும்பூசணம் படியும். புரதமாக மாறாத தழைச்சத்து அமினோ அமிலமாகச் சாற்றில் ஓடுகிறது. அசுவினிக்கும் வெள்ளை ஈக்கும் அதுதான் விருந்து. வெள்ளை ஈ பெருகினால் மஞ்சள் நரம்புத் தேமல் நோயும் பின்னாலேயே வரும். வந்துவிட்ட செடியைப் பிடுங்குவதைத் தவிர வழியில்லை.

இப்போது அதே யூரியாவை 5 பங்குக்கு 1 பங்கு வேப்பம் புண்ணாக்குத் தூள் கலந்து, தவணை பிரித்துப் போடுகிறேன். சத்து மெதுவாக இறங்குகிறது. கூடவே சாம்பல்சத்து தரும் பொட்டாஷையும் போடாமல் விடுவதில்லை. சாம்பல்சத்து குறைந்தாலும் புரதம் ஆவது தடைப்பட்டு அதே கதைதான். செடி ஆரம்பத்தில் கொஞ்சம் மந்தமாகத்தான் வளரும், அவசரப்படக் கூடாது. அசுவினி வராமல் இல்லை. வந்தாலும் பொறிவண்டு தின்று சமாளிக்கும் அளவில் நிற்கிறது.

மண்புழு உரமும் எனக்குத் திருப்திதான். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகச் சோதனைகளிலும் அது கலந்த மண்ணில் வளர்ந்த மிளகாய், தக்காளி, முட்டைக்கோஸில் அசுவினி, மாவுப்பூச்சி, புழுச் சேதம் குறைந்திருக்கிறது. அதற்காக, இயற்கை உரம் என்றாலே பூச்சி வராது என்று நினைக்க வேண்டாம். சரியாக மட்காத தொழு உரத்தோடு வேர்ப்புழு வந்து சேரும். கோழி எருவை அள்ளிக் கொட்டினால் யூரியாவைக் கொட்டியது மாதிரியேதான்.

கத்தரியில் தண்டு, காய்ப்புழுவுக்கு மட்டும் இதெல்லாம் பெரிதாக எடுபடவில்லை. வாடித் தொங்கும் நுனியைக் கிள்ளி அழிப்பதும், பெண் அந்துப்பூச்சியின் வாசனையால் ஆண் பூச்சியை இழுத்துப் பிடிக்கும் இனக்கவர்ச்சிப் பொறி வைப்பதும் முன்பு போலவே தொடர்கிறது.