பூட் ஆகாத லேப்டாப்: ரிப்பேரா, ரீசெட்டா, புது எஸ்எஸ்டியா?

லேப்டாப் ஆன் ஆகிறது. கம்பெனி லோகோ வருகிறது, கீழே புள்ளிகள் சுற்றுகின்றன, ஆனால் விண்டோஸ் மட்டும் வருவதில்லை. கொஞ்ச நேரம் கழித்து நீலத் திரை வந்து, ஆட்டோமேட்டிக் ரிப்பேர் செய்து பார்த்தும் சரியாகவில்லை என்கிறது. ரீஸ்டார்ட் செய்தால் திரும்பவும் அதே சுற்று. 2017 வாக்கில் வாங்கிய எங்கள் வீட்டு லேப்டாப்புக்கு இந்த நிலை வந்தபோது மூன்று வழிகள் இருந்தன. விண்டோஸே தரும் ஸ்டார்ட்டப் ரிப்பேரை நம்பி முயன்றுகொண்டே இருப்பது, ரீசெட் கொடுத்து விண்டோஸைப் புதிதாகத் திரும்ப நிறுவுவது, அல்லது ஒரு பென்டிரைவில் விண்டோஸ் போன்ற இன்னொரு இயங்குதளமான லினக்ஸை ஏற்றி கோப்புகளை வெளியே எடுத்துவிட்டுப் பழைய ஹார்ட்டிஸ்க்குக்குப் பதில் எஸ்எஸ்டி என்ற வேகமான புது சேமிப்பகம் போடுவது. நான் போனது மூன்றாவது வழியில். என் சாய்வு எந்தப் பக்கம் என்று இப்போதே தெரிந்துவிட்டது, அதனால் நடுநிலை போல எழுதப் போவதில்லை.

பவர் பட்டனை அழுத்தினால் விளக்குகூட எரியவில்லை என்றால் அது வேறு நோய். சார்ஜர், பேட்டரி, ரேம் என்று பார்க்க வேண்டியது. விளக்கு எரிந்து திரை மட்டும் இருட்டாக இருந்தால் வெளி மானிட்டரையோ டிவியையோ மாட்டிப் பாருங்கள். அதெல்லாம் இங்கே வேண்டாம். லோகோ வரை வந்து நிற்கும் லேப்டாப்பைப் பற்றித்தான் இந்த ஒப்பீடு.

வேகம், செலவு, நேரம் என்று எதை வைத்தும் மூன்றையும் ஒப்பிடலாம். நான் ஒரே கேள்வியை வைத்துத்தான் ஒப்பிட்டேன்: நம் கோப்புகளை வெளியே எடுப்பதற்கு முன்னால், இந்த வழி டிஸ்க்கில் எதையாவது எழுதுகிறதா? விண்டோஸை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் போட்டுக்கொள்ளலாம். குழந்தையின் முதல் வருஷப் படங்களையும் ஸ்கேன் செய்து வைத்த வீட்டுப் பத்திரத்தையும் அப்படிப் போட முடியாது. பூட் ஆகாததற்குக் காரணம் மென்பொருளா, டிஸ்க்கே சாகிறதா என்பது முதல் நாளில் யாருக்கும் தெரியாது. தெரியாத நிலையில் டிஸ்க்கை வேலை வாங்கும் எந்த வழியும் ஒரு சூதாட்டம்.

முதலில் ஸ்டார்ட்டப் ரிப்பேர். அடுத்தடுத்து இரண்டு முறை விண்டோஸ் தொடங்காமல் போனால் இது தானாகவே வரும். பூட் அமைப்புகள், சிஸ்டம் கோப்புகள், டிஸ்க்கின் நிலை என்று வரிசையாகச் சோதிக்கும். காரணம் மென்பொருள் என்றால் இந்தத் திரை உண்மையிலேயே கைகொடுக்கும். கடைசியாக வந்த அப்டேட்டை நீக்கும் வசதி அங்கேயே இருக்கிறது, சேஃப் மோடுக்கும் அங்கிருந்துதான் போக வேண்டும். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் அனுப்பிய ஒரு பழுதான அப்டேட்டால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கியதாக மைக்ரோசாஃப்ட் கணக்கிட்டது. அவற்றில் டிஸ்க் நன்றாகவே இருந்தது. சேஃப் மோடில் போய் ஒரே ஒரு கோப்பை அழித்ததும் பழையபடி ஓடின. அந்த மாதிரிச் சமயத்தில் எஸ்எஸ்டி வாங்கக் கிளம்புவது வீண் செலவு. நேற்று அப்டேட் வந்தது, இன்று பூட் ஆகவில்லை, அதற்கு முன் எந்த மந்தமும் இல்லை என்றால் நானும் முதலில் அப்டேட்டை நீக்கித்தான் பார்ப்பேன்.

ஆனால் லேப்டாப் பல வாரங்களாகவே இழுத்துக்கொண்டிருந்ததா? ஒரு ஃபோல்டரைத் திறந்தால் நிமிஷக்கணக்கில் உறைந்து நின்றதா? எங்களுடையது அப்படித்தான் இருந்தது. அந்த அறிகுறி இருந்தால் ரிப்பேரைத் திரும்பத் திரும்ப ஓட விடாதீர்கள். இணையத்தில் எல்லோரும் சொல்லும் செக்டிஸ்க் (chkdsk) கட்டளையை, அதிலும் கடைசியில் ஸ்லாஷ் ஆர் (/r) சேர்த்து, அடிக்கவே அடிக்காதீர்கள். அது டிஸ்க்கின் ஒவ்வொரு செக்டரையும், அதாவது ஒவ்வொரு சிறு பகுதியையும், படித்துப் பார்க்கும், மணிக்கணக்கில் ஓடும். கோப்பு அமைப்பை ஒழுங்காக்குவதுதான் அதன் வேலை, உங்கள் கோப்புகளைக் காப்பது அல்ல. உடைந்த துண்டுகளைப் பெயர் தெரியாத கோப்புகளாக ஒரு தனி ஃபோல்டரில் போட்டுவிட்டு வேலை முடிந்தது என்று சொல்லிவிடும். இற்றுப்போன துணியை அடித்துத் துவைக்கிற மாதிரிதான்.

ரீசெட் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கோப்புகளை வைத்துக்கொள்ளும் தேர்வு இருக்கிறது, நிறுவிய புரோகிராம்கள் போய்விடும். டிஸ்க் நல்ல நிலையில் இருந்தால் சுத்தமான, சுலபமான வழி. பழுதான டிஸ்க்கில் அது பல ஜிபி எழுத வேண்டியிருக்கும், பாதியில் நின்றால் முன்பிருந்த நிலையும் போய்விடக்கூடும். லேப்டாப்பில் ஏற்கெனவே எஸ்எஸ்டி இருந்தால் எச்சரிக்கை இன்னும் தேவை. ஹார்ட்டிஸ்க்கில் தவறுதலாக அழிந்ததை மீட்கக் கொஞ்சம் வாய்ப்பு உண்டு. எஸ்எஸ்டியில் அழிக்கப்பட்ட இடத்தை டிரிம் என்ற கட்டளை விடுவித்துவிடுவதால் மீட்பது மிகக் கடினம்.

சர்வீஸ் கடையில் கொடுப்பது தனி வழி இல்லை, இந்த மூன்றில் ஒன்றைத்தான் அவர்களும் செய்வார்கள். "டேட்டா வேணுமா சார்? இல்லன்னா ஃபார்மேட் அடிச்சு ஓஎஸ் போட்டுடலாம்" என்பதுதான் பெரும்பாலும் முதல் கேள்வி. நேர்மையான கேள்விதான். பதிலை மட்டும் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்: பழைய டிஸ்க்கில் எதுவும் எழுத வேண்டாம், கழற்றி என் கையில் கொடுத்துவிடுங்கள் என்று.

சரி, நான் தேர்ந்தெடுத்த வழிக்கு வருகிறேன். இன்னொரு கணினியில் லினக்ஸ் மின்ட் என்ற லினக்ஸ் வகையை டவுன்லோட் செய்து, ரூஃபஸ் என்ற செயலி மூலம் 8 ஜிபி பென்டிரைவில் ஏற்றினேன். பென்டிரைவில் உள்ளதெல்லாம் அழிந்துவிடும், காலியான ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். லேப்டாப்பை ஆன் செய்ததும் பூட் மெனுவுக்கான பட்டனைத் தட்ட வேண்டும். டெல்லில் எஃப்12, ஹெச்பியில் எஃப்9. மின்ட் பென்டிரைவிலிருந்தே முழுதாகத் திறக்கும், உள்ளே இருக்கும் டிஸ்க்கைத் தொடாது. ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் (சீக்கிரம் திறப்பதற்காக, அணைக்கும்போது விண்டோஸை முழுதாக மூடாத வசதி) போட்டிருந்த விண்டோஸ் என்றால் சி டிரைவ் பெரும்பாலும் படிக்க மட்டுமே திறக்கும். நமக்கு வேண்டியதும் அதுதான்.

அங்கே டிஸ்க்ஸ் என்று ஒரு செயலி இருக்கிறது. அதில் ஸ்மார்ட் விவரங்களை, அதாவது டிஸ்க் தன் நிலையைப் பற்றித் தானே குறித்து வைக்கும் பதிவை, திறந்து 5, 197, 198 ஆகிய மூன்று எண்களைப் பாருங்கள். 5 என்பது பழுதாகி மாற்றப்பட்ட செக்டர்கள், 197 என்பது படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டர்கள், 198 என்பது திருத்தவே முடியாதவை. எங்கள் டிஸ்க்கில் 197-இல் பூஜ்ஜியம் இல்லை. அதோடு ரிப்பேரா ரீசெட்டா என்ற விவாதம் முடிந்துவிட்டது. ஒருவேளை மூன்றும் பூஜ்ஜியமாக இருந்திருந்தால் கோப்புகளை எடுத்துவிட்டு ரீசெட்டே செய்திருப்பேன். இந்த ஒரு தகவலை மற்ற இரண்டு வழிகளும் இவ்வளவு தெளிவாகக் காட்டுவதில்லை.

காப்பி எடுக்கும்போது வரிசை முக்கியம். ஆவணங்கள் முதலில், அப்புறம் படங்கள், வீடியோக்கள் கடைசியில். சினிமாக்களை விட்டுவிடலாம். கட் செய்யக் கூடாது, காப்பி மட்டும். டெஸ்க்டாப்பையும் டவுன்லோட்ஸையும் மறந்துவிடாதீர்கள், பாதிப் பேருடைய முக்கியமான கோப்புகள் அங்கேதான் கிடக்கும். டாலி என்ற கணக்கு மென்பொருள் வைத்திருப்பவர்கள் அதன் டேட்டா ஃபோல்டர் எங்கே இருக்கிறது என்று தேடி எடுக்க வேண்டும். ஏதாவது ஒரு கோப்பில் நின்றுவிட்டால் அதைத் தள்ளிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். நிறைய இடத்தில் நின்றால் டிடிரெஸ்க்யூ என்ற கருவி இருக்கிறது. படிக்க முடிகிற பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, பழுதான இடங்களுக்குக் கடைசியில் திரும்பி வரும். எனக்கு அது தேவைப்படவில்லை, அதனால் அதைப் பற்றி அனுபவமாக எதுவும் சொல்ல மாட்டேன். டிஸ்க்கிலிருந்து டக் டக்கென்று சத்தம் வந்தால் மட்டும் இதில் எதையும் செய்யாதீர்கள். உடனே அணைத்துவிட்டு டேட்டா ரிக்கவரி செய்பவரிடம் கொண்டுபோக வேண்டும். அந்தச் செலவு ஒரு எஸ்எஸ்டி விலையைவிட மிக அதிகம்.

இந்த வழிக்கு ஒரு பெரிய தடை, டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர். புது லேப்டாப்புகளில் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு உள்ளே நுழைந்தாலே டிஸ்க் குறியாக்கம் ஆகிவிடுகிறது. அப்போது 48 இலக்க ரிக்கவரி கீ இல்லாமல் கோப்புகளைப் படிக்க முடியாது. அந்தக் கீ பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும், போனிலிருந்தே போய்ப் பார்க்கலாம். லேப்டாப் நன்றாக ஓடும்போதே பார்த்து ஒரு காகிதத்தில் எழுதி வையுங்கள். மேக்புக் பக்கம் எனக்குப் பழக்கமில்லை. டிஸ்க்கைப் போர்டிலேயே சால்டர் செய்த மெல்லிய மாடல்களில் மாற்றும் பேச்சே எழாது.

எஸ்எஸ்டி மாட்டுவது எங்கள் மாடலில் சுலபமாகவே இருந்தது. 2.5 இன்ச் சாட்டா, அடி மூடியைக் கழற்றி நாலு ஸ்க்ரூ. உங்களுடையதில் எம்.2 இடம் (மெல்லிய அட்டை வடிவ எஸ்எஸ்டிக்கானது) இருக்கலாம், வாங்குவதற்கு முன் அது சாட்டா இணைப்பா என்விஎம்இ இணைப்பா என்று மாடல் எண்ணைப் போட்டுப் பார்த்துவிடுங்கள். டிஸ்க்கை மாற்றினால் விண்டோஸ் லைசென்ஸ் போய்விடும் என்று பயப்படுகிறார்கள். அது மதர்போர்டோடு சேர்ந்தது, அதே பதிப்பைத் திரும்ப நிறுவினால் இணையத்தோடு இணைந்ததும் தானாக ஆக்டிவேட் ஆகும். வேக வித்தியாசத்தை விவரிக்க வேண்டியதில்லை, முதல் முறை ஆன் செய்யும்போதே தெரியும்.

என்ன ஓஎஸ் போடுவது என்பதில்தான் யோசித்தேன். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது, இந்த வயது பிராசசர்களில் பெரும்பாலானவற்றை விண்டோஸ் 11 முறைப்படி ஏற்காது. வீட்டில் பிரவுசரும் லிப்ரேஆபீஸும்தான் தேவை என்பதால் மின்ட்டையே நிறுவிவிட்டேன். தமிழ்99 விசைப்பலகையும் அதில் சேர்த்துக்கொள்ள முடிகிறது. டாலி போன்ற விண்டோஸ் மென்பொருளையே நம்பித் தொழில் செய்பவருக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

பழைய டிஸ்க்கை உடனே தூக்கிப் போட வேண்டாம். எல்லாக் கோப்புகளும் திறக்கின்றனவா என்று பொறுமையாகப் பார்க்கும்வரை அப்படியே இருக்கட்டும். அப்புறமும் பழைய பொருள் எடுப்பவரிடம் முழுசாகக் கொடுத்துவிடாதீர்கள், உள்ளே உங்கள் ஆதாரும் வங்கி ஸ்டேட்மென்ட்டும் இன்னும் இருக்கின்றன. உள்ளே தகவல் பதிவாகும் வட்டத் தட்டை வெளியே எடுத்து உடைத்த பிறகு கொடுக்கலாம்.